ஒன்பது ஊசி பிரிண்டரில் படமும் எழுத்தும்: எந்த வழியைப் பிடிப்பது?

1980களின் வீட்டுக் கணினியான காமடோர் 64 ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி, அதற்கு ஜோடியாக ஒரு ஒன்பது ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் (ஊசிகளால் ரிப்பனைக் குத்திப் புள்ளி புள்ளியாக அடிப்பது) மாட்டியவர்கள் முதல் வாரத்திலேயே ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். எழுத்தை மட்டும் அடித்தால் கணக்காக வருகிறது. படத்தை மட்டும் அடித்தால் அதுவும் பரவாயில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் கொண்டுவரப் பார்த்தால் எழுத்து நசுங்குகிறது, படத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு விழுகிறது, வட்டம் முட்டையாகிறது. 1980களில் இந்த இயந்திரங்களை வைத்துக்கொண்டு சங்கத்துக்கும் பள்ளிக்கும் செய்திமடல் தயாரித்தவர்களும் இதே பாட்டைத்தான் பட்டார்கள். அவர்கள் பிடித்த வழிகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறோம். எதுவும் முழுசாகச் சரி கிடையாது. உங்கள் வேலைக்கு எதில் தலைவலி குறைவு என்று வேண்டுமானால் சொல்ல முடியும்.

## முதலில், சண்டை எங்கே?

எழுத்தை யார் வரைகிறார்கள் என்பதில்தான். பிரிண்டருக்குள் ஒரு ரோம் (அழியாத நினைவகச் சில்லு) இருக்கிறது, அதில் எழுத்து வடிவங்கள் இருக்கின்றன. கணினி 65 என்ற ஒரே எண்ணை அனுப்பினால் போதும், எப்சன் எஃப்எக்ஸ்-80 பிரிண்டர் தன் கையிருப்பிலிருந்து ஆங்கிலப் பெரிய ஏ எழுத்தை எடுத்து அடித்துவிடும். படம் என்று வந்தால் பிரிண்டருக்கு ஒன்றும் தெரியாது. எட்டு ஊசிகளில் (ஒன்பதில் படத்துக்கு எட்டைத்தான் எடுத்துக்கொள்வது வழக்கம்) எது எது குத்த வேண்டும் என்று ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு பைட் கணினி அனுப்ப வேண்டும்.

இதைக் கணக்காகப் பார்த்தால் சட்டென்று புரியும். 8 அங்குல அகலம், 10 அங்குல உயரம் என்று ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாக அனுப்பினால் வரிக்கு 80 எழுத்து, 60 வரி, மொத்தம் 4,800 பைட். அதே பக்கத்தைப் புள்ளிப் படமாக, அங்குலத்துக்கு 80 புள்ளி அகலவாக்கிலும் 72 புள்ளி உயரவாக்கிலும் அனுப்பினால் 57,600 பைட். பன்னிரண்டு மடங்கு சுமை. இவ்வளவையும் சுமந்து அனுப்பிய பிறகு கிடைக்கும் எழுத்து, ரோமில் இருந்த எழுத்தைவிட மோசம்! ஏனென்றால் 10 பாயின்ட் எழுத்துக்கு 72 புள்ளிக் கணக்கில் மொத்த உயரமே பத்துப் புள்ளிதான். சின்ன ஏ, சின்ன ஈ போன்றவற்றின் உடம்புக்கு அதில் ஐந்து மிஞ்சும். என்எல்க்யூ (தட்டச்சுத் தரத்துக்கு நெருக்கமான எழுத்து) முறை உள்ள பிரிண்டர்கள் தாளை ஒரு புள்ளிக்கும் குறைவாக நகர்த்தி அதே வரியை இரண்டாம் தடவை அடிக்கின்றன, அதனால் அவற்றின் எழுத்தில் படிக்கட்டு போன்ற விளிம்பு தெரிவதில்லை.

ஆக, எழுத்தைப் பிரிண்டரிடம் விட்டால் எழுத்து நன்றாக இருக்கும், படத்தோடு ஒட்டாது. கணினியே வரைந்தால் ஒட்டும், எழுத்து கெடும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம். சிறிய எழுத்தைக் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிறதா. வட்டம் வட்டமாக வருகிறதா. படமும் எழுத்தும் நினைத்த இடத்தில் பொருந்துகின்றனவா. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த எவ்வளவு வேலையை மறுபடி செய்ய வேண்டும். கடைசியாக ரிப்பனும் ஊசிகளைத் தாங்கும் அச்சுத் தலையும், ஏனென்றால் கருப்பு அடர்ந்த படம் ரிப்பனை உறிஞ்சிவிடும், தலை கையில் தொட முடியாத அளவுக்குச் சூடாகும்.

இவற்றில் நாலாவதை யாருமே யோசிப்பதில்லை. முடிவைப் பெரும்பாலும் மாற்றுவது அதுதான்.

வட்டம் பற்றி இங்கேயே முடித்துவிடலாம், எல்லா வழிக்கும் பொது. காமடோர் 64-இன் படத் திரை 320க்கு 200 புள்ளி. ஊசிகளின் இடைவெளி 1/72 அங்குலம் என்று நிலையாக இருப்பதால் உயரம் எப்போதும் 2.78 அங்குலம்தான். அகலம் மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் அடர்த்தியைப் பொறுத்தது (எஸ்கேப் என்பது அடுத்து வருவது எழுத்து இல்லை, கட்டளை என்று பிரிண்டருக்குச் சொல்லும் குறி):

| எப்சன் கட்டளை | அங்குலத்துக்குப் புள்ளி | 320 புள்ளியின் அகலம் | அகலம் : உயரம் |
|---|---|---|---|
| எஸ்கேப் கே | 60 | 5.33 அங்குலம் | 1.92 |
| எஸ்கேப் * 5 | 72 | 4.44 அங்குலம் | 1.60 |
| எஸ்கேப் * 4 | 80 | 4.00 அங்குலம் | 1.44 |
| எஸ்கேப் * 6 | 90 | 3.56 அங்குலம் | 1.28 |

ஐரோப்பிய பிஏஎல் டிவியில் இதே திரையின் விகிதம் சுமார் 1.5, அமெரிக்க என்டிஎஸ்சி டிவியில் சுமார் 1.2. அதனால் பிஏஎல் இயந்திரத்தில் வரைந்த படத்துக்கு 80, என்டிஎஸ்சி படத்துக்கு 90. பத்திரிகைகளில் வந்த குட்டி நிரல்களை அப்படியே தட்டச்சு செய்தவர்களின் படமெல்லாம் குண்டாக வந்ததற்குக் காரணம், சுலபம் என்று 60-ஐப் பிடித்துக்கொண்டதுதான். ஆப்பிள் மேகின்டாஷிலும் இந்தத் தகராறு உண்டு. திரை 72, இமேஜ்ரைட்டர் பிரிண்டர் வழக்கமாக அடித்தது 80, அதனால் வட்டம் ஒல்லியாகிவிடும், அதைச் சரிசெய்யவே அச்சு மெனுவில் தனியாக ஒரு தேர்வு வைத்தார்கள்.

## வழி 1: எல்லாமே படம்

ஜியோஸ் வழி இது. பெர்க்லி சாஃப்ட்வொர்க்ஸ் 1986-இல் காமடோருக்கு வெளியிட்ட, படமும் மெனுவுமாக இயங்கும் ஜியோஸில், ஜியோபெயின்ட் என்ற வரையும் நிரலின் பக்கம் 640க்கு 720 புள்ளி. மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 80க்கு 72, எப்சனுக்கென்றே அளந்து தைத்த சட்டை. எழுதும் நிரலான ஜியோரைட்டில் எழுத்துக்கு நடுவே படத்தை ஒட்டலாம், திரையில் பார்ப்பதுதான் தாளில் வரும், பொருத்தம் தவறவே தவறாது. பிழை திருத்துவதும் சுலபம்: திருத்தி மறுபடி அச்சிடு, அவ்வளவுதான்.

விலை எழுத்தில் போகிறது. 12 பாயின்டுக்குக் கீழே போனால் செய்தித்தாளை ஈரத்தில் ஊறவைத்த மாதிரி இருக்கும். அடுத்தது நேரம். காமடோரின் சீரியல் கம்பி, 1541 டிஸ்க் டிரைவை நத்தையாக்கிய அதே கம்பி. நொடிக்கு 400 பைட் என்று வைத்தால் ஒரு பக்கம் போய்ச் சேரவே இரண்டரை நிமிடம் ஆகிறது, அப்புறம் தலை 90 தடவை குறுக்கே ஓட வேண்டும். ஜியோகேபிள் என்று யூசர் போர்ட்டிலிருந்து நேராகப் பிரிண்டருக்குப் போகும் கம்பி வந்ததே இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான்.

கையிலிருப்பது காமடோரின் சொந்த எம்பிஎஸ்-801 என்றால் இன்னொரு அடி. அதில் ஒரு வரிக்கு 480 புள்ளிதான், 640 புள்ளிப் பக்கத்தில் வலது கால்வாசிக்கு இடமே இல்லை. ஒரு தடவைக்கு ஏழு புள்ளி உயரம்தான். அதன் சொந்த எழுத்திலோ ஜீ, பீ, வை போன்ற சின்ன எழுத்துகளின் வால் கோட்டுக்குக் கீழே இறங்காது, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தது போல் வரிமேலேயே உட்கார்ந்திருக்கும். அந்தப் பிரிண்டரில் மட்டும் ஜியோஸின் எழுத்தே மேல் என்று சொல்லலாம்.

எழுத்து பெரிதாக இருக்கும் வேலைக்கு இந்த வழியை அடித்துக்கொள்ள முடியாது. வாழ்த்து அட்டை, அறிவிப்பு, பல தாள் நீளத்துக்குப் பேனர். பிராடர்பண்ட் 1984-இல் வெளியிட்ட தி பிரிண்ட் ஷாப் இந்த வேலையை மட்டும்தான் செய்தது, அதனால்தான் ஜெயித்தது. அதன் சின்னப் படங்கள் வெறும் 88க்கு 52 புள்ளி, அதை ஊதிப் பெரிதாக்கி அடிக்கும். படிக்கட்டு பளிச்சென்று தெரியும், பிறந்தநாள் அட்டையில் அதை யாரும் குறை சொல்லப்போவதில்லை.

## வழி 2: ஒரே ஓட்டத்தில் இரண்டையும் கலப்பது

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான். பிரிண்டரின் நல்ல எழுத்தையும் அனுப்பு, நடுவில் படக் கட்டளையும் அனுப்பு. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் அழகாக இருக்கிறது. என் வாழ்க்கையில் இரண்டு முழு வார இறுதிகளைத் தின்றது இந்த வழிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பிரச்சினை வரி இடைவெளி. எழுத்து வரிக்கு வரி 12/72 அங்குலம். படப் பட்டை ஒன்றுக்கு 8/72. இடைவெளியை 8/72 என்று குறைக்க மறந்தால் ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே 4/72 அங்குல வெள்ளைக் கோடு, ஜன்னல் கம்பி வழியாகப் பார்ப்பது மாதிரி. குறைத்துவிட்டால் படம் சரி, பக்கத்தில் இருக்கும் எழுத்து வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். படமும் எழுத்தும் மேலும் கீழுமாக இருந்தால் இடைவெளியை மாற்றி மாற்றிச் சமாளிக்கலாம். பக்கம் பக்கமாக வேண்டும் என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது: தாளை எப்போதும் 4/72 மட்டும் நகர்த்துங்கள், அதாவது எஸ்கேப் 3, அதோடு 12. இரண்டு நகர்வுக்கு ஒரு முறை படப் பட்டை, மூன்று நகர்வுக்கு ஒரு முறை எழுத்து வரி. ஆறு நகர்வுக்கு ஒரு முறை இரண்டும் ஒன்றாக விழும். படத்தை 80 அடர்த்தியில் வைத்தால் அது சரியாக 4 அங்குலம், அதாவது 40 எழுத்து அகலம், மீதி 40 எழுத்து உங்களுக்கு. கணக்கு இவ்வளவு சுத்தமாக அமைவது இந்த ஒரு அடர்த்தியில்தான்.

இரண்டாவது, வழியில் உட்கார்ந்துகொண்டு பைட்டுகளைத் தின்னும் ஆசாமிகள். காமடோருக்கும் எப்சனுக்கும் நடுவே ஒரு இணைப்புப் பெட்டி தேவை; அது காமடோரின் எழுத்துக் குறியீட்டை ஆஸ்கி என்ற பொதுக் குறியீடாக மாற்றுவதற்காக இருக்கிறது. படத்தின் பைட்டையும் எழுத்து என்று நினைத்து மாற்றிவிடும், அதை மாற்றாமல் கடத்தும் முறைக்கு நீங்கள்தான் தள்ள வேண்டும். அப்புறம் 13. படத்தில் எங்காவது 13 என்ற பைட் வந்தால் அது வரி முடிந்தது என்று நினைத்து இணைப்புப் பெட்டி கூடவே ஒரு 10-ஐ (தாளை அடுத்த வரிக்கு நகர்த்தும் குறி) சேர்த்து அனுப்பும். பிரிண்டரிடம் 320 பைட் வருகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள், வருவதோ 321. அந்த இடத்திலிருந்து படம் ஒரு புள்ளி நகரும், கடைசி பைட் வெளியே விழுந்து ஒரு சம்பந்தமில்லாத எழுத்தாக அடிபடும். படத்தின் வலது ஓரத்தில் திடீரென்று ஒரு கேள்விக்குறி முளைத்தால் ஊசியைச் சந்தேகப்படாதீர்கள், இதைப் பாருங்கள். ஆப்பிள் 2 வைத்திருப்பவர்களுக்கு 9 என்ற பைட் அதே வேலையைச் செய்யும், அதன் பிரிண்டர் கார்டுக்கு அது கட்டளைக் குறி.

மூன்றாவது, காமடோர் திரையின் பைட் படுத்திருக்கும் (எட்டுப் புள்ளியும் பக்கம் பக்கமாக), பிரிண்டருக்கு நின்றிருக்க வேண்டும் (மேலும் கீழுமாக). எட்டு எட்டாகத் திருப்ப வேண்டும். பேசிக்கில் எழுதினால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், இயந்திர மொழியில் எழுதினால் காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவும் ஒழுங்காக அமைந்துவிட்டால் தாளில் வருவது ஐந்து வழிகளிலும் மிக அழகான ஒன்பது ஊசிப் பக்கம், சந்தேகமே இல்லை. ஒரே வார்ப்பில் மாதாமாதம் அடிக்கும் பக்கம் என்றால் உழைப்பு வீண்போகாது. ஒரு தடவைக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

தமிழில் அடிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அந்த ரோமில் தமிழ் இல்லை, ஆகவே அந்தப் பிரிண்டரைப் பொறுத்தவரை நம் எழுத்தே படம்தான். எஃப்எக்ஸ்-80 நாமே எழுத்து வரைந்து ஏற்றிக்கொள்ள விடும், ஆனால் அகலத்தில் 11 கட்டம், உயரத்தில் எட்டு ஊசி. மூன்று சுழி ண-வை அதற்குள் அடக்கிப் பாருங்கள், இரண்டு சுழி ன-விலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தமிழுக்கு வழி 1, அதுவும் பெரிய எழுத்தில், இல்லையென்றால் நேராக வழி 4.

## வழி 3: ஒரே தாளை இரண்டு தடவை ஓட்டுவது

சொல்செயலியில் எழுத்தை அடித்து, படத்துக்கு இடம் விட்டு, தாளைப் பின்னால் சுருட்டி, பட நிரலை ஏற்றி, அந்த இடத்தில் படத்தை அடிப்பது. நிரல் எழுதத் தெரிய வேண்டாம். எழுத்துக்கு டெய்சி வீல் பிரிண்டரையே (சக்கரத்தில் பொறித்த எழுத்தைத் தட்டி அடிப்பது) பயன்படுத்தலாம், தட்டச்சு மாதிரி கூரான எழுத்து கிடைக்கும், படத்துக்கு மட்டும் டாட் மேட்ரிக்ஸ். (டெய்சி வீலிலேயே முற்றுப்புள்ளியை வைத்துப் படம் குத்தியவர்களும் உண்டு. டயாப்லோ 630 அகலத்தில் 1/120 அங்குலமும் உயரத்தில் 1/48 அங்குலமும் நகரும் என்பதால் நடக்கும்தான். சத்தத்தையும் நேரத்தையும் நினைத்தால் எனக்கு மயக்கம் வருகிறது.)

இதன் மறைந்த செலவு தாள். பல்சக்கரத்துக்கும் தாளின் ஓட்டைக்கும் நடுவே ஒரு தொய்வு எப்போதும் இருக்கும், பின்னால் சுருட்டும்போது அது எதிர்ப்பக்கம் போய்விடும், படம் ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ தள்ளி விழும். வேண்டிய இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டு அங்குலம் பின்னால் கொண்டுபோய், அங்கிருந்து முன்னால் நகர்த்தி நிறுத்துங்கள், தொய்வு இழுபட்டுவிடும். மின்சாரம் ஓடும்போது குமிழைக் கையால் திருகாதீர்கள். பத்தில் இரண்டு தாளாவது வீணாகும் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு பிரதி, கொஞ்சம் தள்ளினாலும் பரவாயில்லை என்ற வேலைக்குச் சரி. இருபது பிரதி என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த வழிக்குப் போய்விடுங்கள்.

## வழி 4: கத்தரி, பசை, ஜெராக்ஸ்

கணினி ஆர்வலர்களுக்கு இது கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது. எனக்குத் தெரிந்து ஒன்பது ஊசி வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல விடை இல்லை.

எழுத்தைத் தனியாக, பிரிண்டரின் சொந்த என்எல்க்யூவில். படத்தைத் தனியாக, நீங்கள் விரும்பும் அளவைப்போல் இரண்டு மடங்காக. பிறகு படத்தை ஜெராக்ஸில் 50 சதவீதமாகச் சுருக்குங்கள். அங்குலத்துக்கு 72 புள்ளியாக இருந்தது 144 ஆகிவிட்டது, காசு செலவழிக்காமல் பிரிண்டரின் தரம் இரட்டிப்பு. 50 இல்லாத மெஷினில் 71 சதவீதத்தை இரண்டு தடவை வைத்தால் ஏறக்குறைய அதே. வெளிர்நீலப் பென்சிலால் மூலத்தாளில் கோடு போட்டு அளந்து ஒட்டுங்கள், அந்த நீலம் ஜெராக்ஸில் பெரும்பாலும் விழாது. ஒட்டிய ஓரத்தில் மெல்லிய நிழல் வந்தால் ஒரு பிரதியை எடுத்து அதில் வெள்ளை மையால் அழித்துவிட்டு, அதையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் வெளுத்துப்போய்ச் சாம்பலாக அடித்த படம்கூட ஜெராக்ஸில் கருப்பேறிவிடுகிறது.

பிழை வந்தால்? அந்த ஒரு வரியை மட்டும் அடித்து மேலே ஒட்டுங்கள். படத்தைத் தொட வேண்டாம். நூறு பிரதி வேண்டுமென்றாலும் பிரிண்டர் ஓடுவது ஒரே தடவை, தலையும் ரிப்பனும் பிழைக்கும். மறைந்த செலவு உங்கள் மேசையும் பொறுமையும்தான், கூடவே கோணலாக ஒட்டாத கை. வண்ணமோ, எழுத்து படத்தைச் சுற்றி வளைந்து ஓடுவதோ வேண்டுமென்றால் மட்டும் இது உதவாது.

## வழி 5: பிரிண்டரையே மாற்றுவது

24 ஊசிக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். எழுத்து உண்மையிலேயே மேல். ஆனால் பழைய எட்டு ஊசிப் படக் கட்டளையை எப்சன் எல்க்யூ வகைப் பிரிண்டருக்கு அனுப்பினால் அது உயரவாக்கில் 72க்குப் பதில் 60 புள்ளியாக அடிக்கும். வரி இடைவெளிக் கட்டளையும் அதே கணக்கில் மாறுவதால் வெள்ளைக் கோடு விழாது, படம் மட்டும் 20 சதவீதம் உயரும். வேடிக்கை என்னவென்றால் 80 அடர்த்தியில் அடித்த என்டிஎஸ்சி படம் அதனாலேயே 1.2 விகிதத்துக்கு வந்து சரியாக உட்கார்ந்துவிடும். பிஏஎல்காரர்கள் பாடு திண்டாட்டம்.

லேசர் கதை வேறு. ஆப்பிளின் லேசர்ரைட்டர் 1985-இல் வந்தபோது விலை 6,995 டாலர், அங்குலத்துக்கு 300 புள்ளி. ஜியோஸில் ஜியோலேசர் என்ற நிரல் வழியாக அதற்கு அனுப்பலாம், அதற்கென்று உள்ள எழுத்துருக்களைப் பயன்படுத்தினால் எழுத்து போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க வரைமொழியில் போய் அச்சகத் தரத்தில் வரும். படமோ அதே பழைய 80 புள்ளிப் படம்தான். டாட் மேட்ரிக்ஸில் மை கசிந்து படிக்கட்டை மழுப்பிவிடும். லேசர் ஒவ்வொரு படியையும் செதுக்கிக் காட்டும். பக்கத்தில் எழுத்து வழவழவென்று இருப்பதால் படம் இன்னும் அசிங்கமாகத் தெரியும். ஹெச்பியின் 1984 லேசர்ஜெட்டில் நினைவகம் 128 கேபி, முழுப் பக்கத்தை 300 புள்ளியில் படமாக அடிக்க ஏறக்குறைய 1 எம்பி வேண்டும், அதனால் பெரிய படத்துக்கு 75 புள்ளிக்கு இறங்கியாக வேண்டும். 640 புள்ளியை 75-இல் அடித்தால் எட்டரை அங்குலம், அமெரிக்கத் தாளின் அகலமே அவ்வளவுதான்! நூறு புள்ளியில் அடித்தால் பக்கம் 6.4 அங்குலமாகச் சுருங்கும். எழுத்து அதிகம், படம் சின்னதாக ஒன்றிரண்டு என்றால் லேசர். மற்றபடி பணத்துக்குப் பாரமாக ஒரு பெட்டி வீட்டில் இடத்தை அடைக்கும்.

## சரி, யாருக்கு எது

அட்டை, அறிவிப்பு, பேனர் என்றால் வழி 1, யோசிக்கவே வேண்டாம். இரண்டு பத்தியில் செய்திமடல், ஐம்பது பிரதி என்றால் வழி 4. நிரல் எழுதுவதே உங்களுக்குச் சந்தோஷம், பக்கம் வெறும் சாக்கு என்றால் வழி 2, அதில் எனக்கும் ஒரு பலவீனம் உண்டு. வழி 3-ஐ அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியாக இருந்தாலும் முதலில் ஒரு நெட்டுக்கோட்டை அடித்துப் பாருங்கள். கோடு பட்டைக்குப் பட்டை இடமும் வலமுமாக நெளிந்தால் தலை போகும்போதும் வரும்போதும் அடிக்கிறது என்று அர்த்தம், எஸ்கேப் யூ, அதோடு 1 அனுப்பி ஒரே திசையில் ஓடச் சொல்லுங்கள். கோட்டில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டை விழுந்தால் ஒரு ஊசி போய்விட்டது, இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. நம்மூரில் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்குப் பிரிண்டர் சரிபார்த்துக் கொடுப்பவர் யாராவது இன்னும் இருப்பார், அவரிடம் கொண்டுபோங்கள். வரும்போது ஒரு புது ரிப்பனும் வாங்கி வந்துவிடுங்கள்.